கட்டுப்பாட்டுக் குழு

பார்த்தெனே ஊருக்கு வெளியே
சோளக்காட்டு நடுவே ஒரு தகரக் கொட்டகை.
காலை ஆறே கால்.
ரப்பர் உறையில் வெந்நீர் நிரப்புகிறேன்,
நாற்பத்தைந்து டிகிரி.
ஒன்று குறைந்தாலும்
முகத்தைத் திருப்பிக்கொள்வான் பதினேழாம் எண்.

பெயர் கிடையாது.
காதின் உட்புறம் பச்சை மையில் எண் மட்டும்.
பெண் முயலைக் காட்டி
இடையில் உறையை நீட்டினால்
மூன்றே விநாடி.
ஒரு கிறீச்சல், பக்கவாட்டில் ஒரு சரிவு.
பிறகு எதுவுமே நடக்காததுபோல
முன்னங்காலை நக்கத் தொடங்குவான்.

மேலே திரண்ட கூழை இடுக்கியால் நீக்கி
ஒரு துளியைச் சூடான கண்ணாடிச் சில்லில் இட்டு
நுண்ணோக்கியில் கண்ணைப் பதிக்கிறேன்.
நிலவுக்குள் முயல் என்பார்கள்.
இங்கே முயலுக்குள் ஒரு நிலவு,
வெள்ளை வட்டம், உள்ளே ஓயாத நெரிசல்.
ஐம்பத்தெட்டு விழுக்காடு நேராக நீந்துகிறது.
முப்பத்தொன்று சுற்றிய இடத்திலேயே சுற்றுகிறது.
பதினொன்று எங்கும் போவதாக இல்லை.
குறித்துக்கொண்டேன்.

வரிசை அ: வெந்தயத் தூள்.
வரிசை ஆ: இஞ்சி, கொஞ்சம் தைம் இலை.
வரிசை இ: வெறும் தீவனம்.
அறுபத்துமூன்று நாள்.
ஓர் அணு முளைத்து வால் வளர்த்து வெளியே வர
வாரங்கள் பிடிக்கும்,
நேற்றுத் தின்றதற்கு இன்று கணக்குக் கேட்க முடியாது.

வெந்தயப் பையை அவிழ்த்தால்
"மதியச் சாப்பாடா?" என்பான் கொராந்தன்.
இல்லை. கிலோவுக்குப் பத்து கிராம்.

இரண்டு வாரத்துக்கொரு வியாழன்
தூள் கம்பெனியின் புவாசினோ வருவார்.
முடிவு வருமுன்பே அச்சாகிவிட்ட விளம்பரத் தாள் கையில்,
அட்டையில் துள்ளும் முயல், கீழே
'இருபது விழுக்காடு கூடுதல் வீரியம்.'
எண்கள் அப்படிச் சொல்லவில்லை என்றேன்.
சொல்லும் என்றார்.
தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்
என்பதைப் பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தேன்.
பதறிப்போனார்:
"எந்த எண்? மருத்துவரைக் கூப்பிட்டீர்களா?"

ஆகஸ்டில் கொட்டகை முப்பத்தாறு டிகிரி.
மின்விசிறிகள் சூட்டையே அள்ளி வீசின.
வரிசை அ சரிந்தது. வரிசை ஆ சரிந்தது.
இ மட்டும் ஏறியது.
ஒன்றும் பெறாத வரிசை,
ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் உயிரோடிருந்த வரிசை.
துளிகளைத் திரும்ப எண்ணினேன்.
தராசைச் சரிபார்த்தேன். என் கண்ணையும்.

ஒரு மாலை மறந்த சாவிக்காகத் திரும்பி வந்தால்
மக்ஸான்ஸ். கொட்டகை கூட்ட வரும் பையன்,
பத்தொன்பது வயது, பூட்ஸ் ஒன்றில் ஓட்டை.
வரிசை இ-யின் கூண்டுகளுக்கு மேல் ஈரச் சாக்கு.
கம்பி இடுக்கு வழியே
கட்டுக் கட்டாகக் காட்டுமுள்ளங்கி இலை,
வேலியோரம் பறித்தது.
"இவர்களுக்கு மட்டும் எதுவும் தரவில்லையே, மேடம்."
எப்போதிலிருந்து?
"முதல் நாளிலிருந்தே."

திட்ட வாய் திறந்தேன்.
முப்பத்தோராம் எண் மென்றுகொண்டிருந்தான்,
வாயோரம் ஒரு காம்பு
ஏறி இறங்கி உள்ளே போனது.
வாயை மூடிக்கொண்டேன்.

அறிக்கையில் 'வெறும் தீவனம்' என்பதை அடித்து
'மற்றும் அளவிடப்படாத இலை' என்று எழுதினேன்.
'நிழல்' என்று சேர்த்தேன்.
'இரக்கம்' என்பதற்குக் கட்டம் இல்லை,
அலகும் தெரியாது.
ஒரு கோடையே குப்பைக்கு.
புவாசினோ மட்டும் முகம் மலர்ந்து
தொலைபேசியில் கேட்டார்:
"என்ன இலை அது? டன் என்ன விலை?"

திங்கட்கிழமை மறுபடி முதல் நாள்.
எந்தப் பையில் எது என்று
எனக்கே தெரியாதபடி கொராந்தன் ஒட்டியிருக்கிறான்.
மக்ஸான்ஸ் இப்போது கன்றுகள் பக்கம்.
வண்டி நிறுத்தி இறங்கும்போது
டயருக்கடியில் தப்பிய ஒரு காட்டுமுள்ளங்கிச் செடி.
கை தானாகக் கிள்ளிவிட்டது.
கதவு வரை வந்து, நின்று,
இலையைச் சோளக்காட்டில் எறிந்தேன்.
மூன்று முறை சோப்புப் போட்டும்
விரலில் பால் பிசுபிசுக்கிறது.