ஆகஸ்டு மாதக் கூட்டக் குறிப்பு

இடம்: சிலோயே தீவு, பள்ளியின் பெரிய அறை.
மழை. வந்தவர்கள் முப்பத்தொரு பேர்.
விறகடுப்பைச் சுற்றி ஈரக் கம்பளியின் வாடை.
பொருள்: பள்ளியில் கைபேசி வேண்டுமா, வேண்டாமா.
எழுதுபவள் நான்.

காஸ்த்ரோவிலிருந்து படகேறி வந்த மனநல மருத்துவர்
திரையில் கோடுகள் காட்டினார்.
தூக்கம் சரிகிற சிவப்பு, மதிப்பெண் சரிகிற நீலம்.
இரண்டும் எங்கள் குன்றின் சரிவைப் போலவே இருந்தன.
எல்லோரும் தலையாட்டினோம்.
அந்தச் சரிவில் செம்மறி மேய்ப்பவர்கள்
கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டினார்கள்.

தலைமையாசிரியை எதுவிஹிஸ் பாரியா
"இருபத்தாறு வருஷம்" என்று தொடங்கினார்.
வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை.
தேவைப்படவுமில்லை;
எங்களில் பாதிப்பேருக்கு எழுத்துக்கூட்டச் சொல்லித்தந்த தொண்டை அது.

ஓரியேத்தா எழுந்தாள். மகன் பெயரைச் சொன்னாள்.
அவனை யாரோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பிய படம் என்றாள்.
அடுத்த சொல் வரவில்லை.
என் பேனா காத்திருந்தது.
விம்மலை எப்படிச் சுருக்கி எழுதுவது?
"திருமதி ஓரியேத்தா: தடைக்கு ஆதரவு."
எழுதிவிட்டு வெட்கப்பட்டேன்.

கடைசி பெஞ்சில் ரெமிஹியோ வாய்க்கின்.
சால்மன் பண்ணையில் முக்குளிப்பவர்,
பதினான்கு நாள் கடல், பதினான்கு நாள் கரை.
தொப்பியைக் கழற்ற மறந்தே பேசினார்:
"ஏறி வந்ததும் மகளுக்கு ஒரு வார்த்தை அனுப்புவேன்.
மேலே. அவ்வளவுதான்.
அது வரும்வரை அவள் கணக்குப் போடமாட்டாள்.
கைபேசியைப் பிடுங்கினால் போடுவாளா?
டாக்டர் சொல்லட்டும்."

டாக்டர் அதற்கொரு கோடு தேடினார்.

பிள்ளையையே கேட்போமே என்றது ஒரு குரல்.
மயிதே, பதின்மூன்று வயது, கதவோரம் நின்றபடி:
"அப்பா பேசுறப்போ ஒன்பது பேர் போனைப் பார்த்தீங்க.
எண்ணினேன்."
வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை.
இரண்டு தரப்பும் அதைத் தங்கள் சாட்சியாக எடுத்துக்கொண்டன.

தடைக்குப் பதினாறு கைகள். எதிர்த்துப் பதினான்கு.
மிச்சமிருந்த கை எழுதிக்கொண்டிருந்தது.
அந்த ஒன்பது பேரில் நானும் ஒருத்தி.
குறிப்பில் அதைச் சேர்க்கவில்லை.

திங்கள்கிழமையிலிருந்து வகுப்பு வாசலில் ஒரு மரப்பெட்டி.
பதினொன்றேகால் வாக்கில் உள்ளே ஏதோ ஒன்று நடுங்கும்.
எதுவிஹிஸ் சாக்பீஸைக் கீழே வைப்பார்.
மூடியைத் தூக்கிப் பார்ப்பார்.
மூன்றாம் வரிசையை நோக்கி, குரலெழுப்பாமல்,
"மேலே" என்பார்.

விதிமுறையில் இது எங்கும் இல்லை.
யாரும் வாதிட்டும் பெறவில்லை.