செவ்வாயன்று செத்தவன்

மூன்றாம் பாடவேளை நாற்பத்தேழு நிமிடம்.
படம் நூற்றுப் பதினோரு நிமிடம்.
ஆகவே முத்தத்தின் நடுவில் மணி அடிக்கும்.
மிச்ச முத்தம் மறுநாள்.

நெப்ராஸ்காவில் பிப்ரவரி.
ஜன்னல் மறைப்பில் இரண்டு பட்டை உடைந்திருக்கிறது.
பனிமேல் பட்டுத் தெறிக்கும் வெயில்
உள்ளே வந்து
திரையின் இடது ஓரத்தைத் தின்றுவிடும்.
அந்தப் பக்கம் வரும் குதிரைகளுக்குத்
தலை கிடையாது.

நான் பழைய படங்கள் நடத்துகிறேன்.
விருப்பப் பாடம்.
விரும்பி வந்தவர்கள் நால்வர்.
மற்றவர்களுக்கு வெல்டிங் வகுப்பில்
இடம் கிடைக்கவில்லை.

நாயகனைக் கேமரா கீழிருந்து பார்க்கிறது,
வில்லனையும் கீழிருந்தே பார்க்கிறது,
என்ன வித்தியாசம், எழுதுங்கள் என்றேன்.
யாரும் எழுதவில்லை.
கேலப் ஹ்ருஷ்கா மட்டும் கை தூக்கினான்:
"இந்தக் குதிரையெல்லாம் இப்ப செத்திருக்கும்ல?"
ஆமாம் என்றேன்.
வகுப்பு சற்று நேரம்
துக்கம் அனுசரித்தது.

ஓஸ்வால்தோ தூங்குவான்.
இடது ஓரம், ஹீட்டர் பக்கம்,
முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்து.
விரல் நுனிகளில் தோல் உரிந்திருக்கும்,
ஏதோ காரம் பட்டதுபோல.
நான் எழுப்புவதில்லை.
கேட்பதுமில்லை.
அதைக் கருணை என்று
எனக்கு நானே சொல்லியிருந்தேன்.

வியாழன். கணவாய்ச் சண்டை.
புகை, வெடிச்சத்தம்,
ஒருவன் சேணத்திலிருந்து சரிகிறான்.
சரியும்போது இடது கையால்
தொப்பியைப் பிடித்துக்கொள்கிறான்.

தலை தூக்காமலே ஓஸ்வால்தோ சொன்னான்:
"அவன் செவ்வாய்க்கிழமையே செத்துட்டான், மிஸ்."

சிரிப்பு.
பின்னால் ஓட்டினேன்.
ஆற்றங்கரை, செவ்வாய்க்கிழமை:
அதே ஆள், அதே சரிவு,
தொப்பிமேல் அதே கை.

அன்றோடு என் பாடத்திட்டம் முடிந்தது.

ஹோதான் அவனை நடனக் காட்சியில் கண்டுபிடித்தாள்,
கடைசியிலிருந்து மூன்றாவது,
தாளம் தப்பிக் கை தட்டுகிறான்.
தாடி ஒட்டிக்கொண்டு ஒருமுறை சிப்பாய்.
மதுக்கடையில் கோப்பை கழுவுகிறான்.
நான்கு பேர் சவப்பெட்டி தூக்கும் இடத்தில்
பின்பக்கம் அவன்.
"உள்ள யாரு?"
"அவனேதான்" என்றாள் ஹோதான்.

நாயகன் தன் பழைய பாவங்களைச் சொல்லும்
அந்த நீண்ட காட்சி,
ஒரே ஷாட், வெட்டே இல்லை,
இருபது வருடமாக நான் உருகும் இடம்.
யாரும் காதில் வாங்கவில்லை.
பின்கதவு வழியே வாளியோடு போகிறானா
என்றே பார்த்திருந்தோம்.
போறான்! போறான்!
கத்தியதில் என் குரலும் இருந்தது.

பெயர்ப் பட்டியலில் தேடினோம்.
இருபத்தாறு பெயர்கள்.
குதிரைக்குக்கூடத் தனி வரி.
அவனுக்கு இல்லை.

தேர்வில் கேட்டேன்:
நாயகன் ஏன் ஊருக்குத் திரும்புகிறான்?

பாசம் என்றார்கள், பழி என்றார்கள்,
கதை முடியணுமே என்றான் கேலப்.
ஓஸ்வால்தோ பென்சிலால் எழுதியிருந்தான்:

"அவன் ஏன் திரும்புறான்னு தெரியல.
விழுறவன் தொப்பிய ஏன் பிடிக்கிறான்னு தெரியும்.
அது அவனோடது இல்ல. கம்பெனியோடது.
தொலைஞ்சா கூலில பிடிப்பாங்க.
எங்களுக்குக் கையுறை அப்படித்தான்."

அழித்துவிட்டு மறுபடி எழுதிய தடம்
கடைசி வரியில் மட்டும்.

அவனுக்குப் பதினைந்து வயது.

விடைத்தாள் காரின் முன்சீட்டில் கிடக்கிறது,
மதிப்பெண் போடாமல்.
இரவு பத்தே முக்கால்.
இறைச்சி ஆலைக்கு எதிரே நிறுத்தியிருக்கிறேன்.
யாரிடம் என்ன சொல்வது,
சொன்னால் யார் வேலை போகும்,
எந்த வீட்டில் அடுப்பு அணையும்,
ஒன்றும் புரியவில்லை.
எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.

துப்புரவு ஷிப்ட் இறங்குகிறது.
வெள்ளைத் தலைக்கவசங்கள்,
எல்லாம் ஒரே அளவு, ஒரே நடை,
விளக்குக் கம்பத்தைத் தாண்டும்வரை
ஒரு முகமும் முகமில்லை.

மேட்டிலிருந்து காற்று இறங்கி வீசுகிறது.
கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறேன்,
யார் கை
மேலே போகிறதென்று.