பதிமூணு அடி

பாறசாலை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில்
பைஜுவின் கடை.
தூண்டில் கம்புகள் ஒரு நீலப் பீப்பாய்க்குள்
நனைந்த குடைகள் மாதிரி சாய்ந்து நின்றன.
"மோனுக்கா சேச்சி?" என்றான்.
எனக்கு, என்றேன்.
அதன் பிறகு மேடம் ஆகிவிட்டேன்.
விலை கூடப்போகிறது என்று அப்போதே தெரிந்தது.

முதலில் தந்தது குட்டை, தடிமன்.
கடல் மீனையே கரைக்கு இழுக்கும் என்றான்.
கடல் மீனை நான் சந்தையில் வாங்கிக்கொள்வேன்.
எனக்கு வேண்டியது
களியக்காவிளைக்கு வடக்கே ஒரு குளம்,
அதில் போன மழைக்குச் சாய்ந்த அயனி மரம்,
அதன் முங்கிய கிளைகளுக்குள் குடியிருக்கும் கரிமீன்.
வீசினால் முள் கிளையில் மாட்டும்.
இறங்கினால் இடுப்பு வரை சேறு.
நின்ற இடத்திலிருந்தே எட்டி
மேலிருந்து நேராக
ஒரு பழுத்த இலை தானாக விழுந்ததுபோல் இறக்கணும்.

அதன் வாயோ சட்டைப் பொத்தான் அளவு.
உதடு உள்ளித் தொலி.
வெடுக்கென்று இழுத்தால்
உதடு மட்டும் வரும், மீன் வராது.

இருபத்திரண்டு வருஷம் அண்டியாபீஸில் தொலி உரித்தவள் நான்.
முழுப் பருப்புக்கு ஒரு கூலி,
உடைந்ததற்கு ஒரு கூலி,
பொடிந்ததற்கு ஏச்சு.
தொலி எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கிறது என்று
கண் பார்ப்பதற்கு முன்னால் விரல் பார்த்துவிடும்.
இதையெல்லாம் பைஜுவிடம் சொல்லவில்லை.
நீளமா, கனமில்லாம, என்று மட்டும் சொன்னேன்.

பத்தடி ஃபைபர் ஒன்று தந்தான்.
கடையில் எல்லாக் கம்பும் லேசுதான்.
கேட் அடைத்திருந்தது.
ரயில் வந்து போகிற வரை நீட்டிப் பிடிக்கிறேன் என்றேன்.
எஞ்சின் வருவதற்குள் மணிக்கட்டு முனகியது.
வேண்டாம்.
மூங்கில், அவன் தராமல் நானே எடுத்தது,
நல்ல நீளம், நல்ல விலை,
நுனி மட்டும் செவிடு.

கடைசியில் அலமாரிக்கு மேலிருந்து
முழங்கை நீள உறை ஒன்றை எடுத்தான்.
கார்பன் மேடம், பதிமூணு அடி.
கணு கணுவாக இழுக்க இழுக்க
கடையைத் தாண்டி, வாழைக்குலைக்காரனைத் தாண்டி
ரோட்டில் நீண்டது.
மேலே கரண்டுக் கம்பி இருந்தால் நீட்டாதீங்க,
இது ஷாக் அடிக்கும் என்றான்.
அந்த ஒரு பேச்சில் அவனை நம்பினேன்.

எதிர்த் திசை ரயிலும் வந்து போனது.
கேட் திறந்து லாரிகள் அலறின.
பிடித்திருப்பதே மறந்திருந்தேன்.
கண்ணை மூடிக்கொண்டு, நுனியைத் தொடு தம்பி,
சொல்லாமல் தொடு என்றேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
"இப்போ."
சிரித்தான். தீக்குச்சி வைத்துத் தொட்டிருக்கிறான்.
"இப்போ."
அது அவன் இல்லையாம். காற்றாம்.

ஆயிரத்தெண்ணூற்றைம்பது.
எழுநூறுக்கு இறங்கினான், ஆயிரம் அப்படியே நின்றது.

ஞாயிறு, பூசை முடிந்து, வெயில் ஏறுமுன்
எல்லைக்கல்லுக்கு இப்புறம் நின்று நீட்டினேன்.
என் கால் கேரளத்தில்,
மிதப்பு தமிழ்நாட்டில்.
இரண்டு மண்புழு போனது, ஒரு பள்ளத்தி ஏமாற்றியது.
பிறகு மிதப்பு முங்கவில்லை, சாய்ந்தது, அவ்வளவுதான்.
ஆனால் உள்ளங்கைக்குள்
பருப்பிலிருந்து தொலி கழன்ற அந்தச் சின்ன நழுவல்.
இழுக்கவில்லை.
கையை மெல்ல உயர்த்தினேன்.
கம்பு வளைந்து வளைந்து
மீனின் கோபத்தையெல்லாம் தானே வாங்கிக்கொண்டது.
கிளைக்கு வெளியே வந்தது, உள்ளங்கை அகலம்,
பச்சை உடம்பில் வெள்ளைப் பொட்டுகள்,
உதடு முழுசு.

வீட்டில் ஜஸ்டஸ் கேட்டார், என்ன விலை?
அறுநூறு என்றேன்.
வாங்கி, நீட்டி, மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார்.
முற்றத்து வெற்றிலைக்கொடி வரை போனது.
"அறுநூறா?
கையில ஒண்ணுமே இல்லியே பிள்ளே,
உன்ன நல்லா பறிச்சிட்டான்" என்றார்.
நான் மீனுக்கு மிளகு அரைத்துக்கொண்டிருந்தேன்.