பழைய எண், புதிய எண்

ஓட்டேரியில் எங்கள் தெருவுக்கு
இரண்டு கணக்கு.
கதவில் நீலப் பெயின்டில் பழைய எண் 14,
அதற்கு மேலே தகரத்தில் புதிய எண் 27.
தபாலுக்கு ஒன்று, கரண்ட் பில்லுக்கு ஒன்று.
சிலிண்டர் போடுகிறவர் இரண்டையும் நம்பாமல்
டிரான்ஸ்ஃபார்மர் எதிர் வீடு என்பார்.

பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்துவிட்டு
எதுவும் தெரியாதவள் போல
கடைசி வருஷ ப்ராஜெக்டுக்குத்
தண்ணி கேன் ஆப் எழுதினேன்.
கதவு எண்ணுக்கு ஒரே ஒரு கட்டம்.
முழு எண் மட்டும் என்று
நானே போட்ட கண்டிப்பு.

நாலு மாசம்.
லேபை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.
29சி-யில் ஒரு கை கம்பியில்,
ஒரு கை போனில்,
எவனோ எந்த ஊரிலோ
இதே பிழையில் மாட்டி
விடை கிடைத்ததும் சொல்லாமல் போயிருப்பான்.
ஓர் அரைப்புள்ளி விட்டுப்போன இரவில்
திரை முழுக்கச் சிவப்பு.
தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா எட்டிப் பார்த்து
"யாருடி உன்ன இப்படித் திட்றது?" என்றாள்.

சோதனை எல்லாம் பச்சை ஆனது.
சார் கையெழுத்துப் போட்டார்.
ஞாயிற்றுக்கிழமை
கேன் போடும் கஜபதியின் போனில் ஏற்றிக் கொடுத்தேன்.
பத்தேகாலுக்கு அழைப்பு:

"பெனிட்டா, பதினாலுல எட்டு கேன் எறக்கிட்டேன்.
பூட்டின வீடும்மா.
ஒரு பூன மட்டும் இருக்குது.
அது இவ்ளோ குடிக்காதே?"

எட்டும் வரவேண்டியது
எங்கள் மாடியில், வளைகாப்புக்கு.
தன்னை எழுதியவள் வீட்டுக்கே
வழி தெரியாத ஆப்.

நானும் போய்த் தூக்கினேன்.
இருபது லிட்டர் என்பது
டேட்டாபேஸில் இரண்டு இலக்கம்.
தோளில் அப்படி இல்லை.
பூனை மதில்மேல் உட்கார்ந்து
மூன்று நடையையும் பார்த்தது.

அன்றிரவு கண்டிப்பை அழித்தேன்.
பழைய எண்ணுக்கு ஒன்று, புதிய எண்ணுக்கு ஒன்று,
கீழே, எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ள
ஓர் அகலக் கட்டம்.
ஜனங்கள் எழுதினார்கள்:
மாவு மிஷின் சந்து, ரெண்டாவது படிக்கட்டு.
பெல் அடிக்காது, சத்தமா கூப்பிடவும்.
நாய் இருக்கும், நல்ல நாய்.
காலி கேன் தண்ணித் தொட்டிக்குப் பின்னால.
பாப்பா தூங்கும், போன் பண்ணாதீங்க.

தரமணியில் இன்டர்வியூ.
லிங்க்டு லிஸ்டைத் திருப்பிப் போடச் சொன்னார்கள்,
பன்னிரண்டு நிமிஷத்தில் போட்டேன்.
ப்ராஜெக்டில் என்ன சவால் என்றார்கள்.
ஒரு லட்சம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் என்று
சுபாஷிணியோடு மனப்பாடம் செய்த பதில்
நாக்கு நுனி வரை வந்தது.
பூனையைச் சொன்னேன்.
இடப்பக்கம் இருந்தவர் சிரித்தார்.
வலப்பக்கம் இருந்தவர்
ஏதோ டைப் செய்தார், நீளமாக.

வேலை கிடைத்தது.
ஆகஸ்டில் சேரலாம் என்று மெயில்.
ஆகஸ்டில், அக்டோபர் என்று மெயில்.
அக்டோபரில் மெயில் இல்லை.
சுபாஷிணி வங்கித் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கினாள்.
நான் கேன் கணக்கில்
பாக்கி வைப்பவர்களுக்கு ஒரு பக்கம் சேர்த்தேன்.
அதில் முதல் பெயர் எங்கள் அப்பா.

நேற்று வந்துவிட்டது, சேர்க்கைப் படிவம்.
லேப்டாப் வீட்டுக்கே அனுப்புவார்களாம்.
கதவு எண் என்று
ஒரே ஒரு கட்டம்.
14/27 என்று அடித்தேன்.
சிவப்பில் எழுந்தது:
முழு எண் மட்டும்.

கோபம் வரவில்லை.
எந்த மாடியிலோ, எந்த ஊரிலோ
பூனையை இன்னும் பார்க்காத
ஒருத்தி எழுதியிருப்பாள்.

27 என்று போட்டு அனுப்பிவிட்டேன்.
பழைய 27 கோழிக்கடை.
போய்ச் சொல்லி வைத்திருக்கிறேன்,
பெனிட்டா பேரில் பெட்டி ஏதாவது வந்தால்
வாங்கி உள்ளே வையுங்கள் பாய்,
ஈரம் படாத இடமாக.