கேட் போட்ட நேரம்

பதினோரு மாதமாக ஒரே படகு.
காசிமேட்டில் பார்த்ததுதான்,
நீலமும் சிவப்பும் அடித்தது,
பெயர் பாதி உரிந்தது.
டேப்லெட்டில் அதற்கு நூற்றுப் பதினேழு லேயர்.
கயிற்றுக்கு மட்டும் ஒன்பது.
கயிற்றின் நிழலுக்கு நாலு.

எண்ணூறு சதவீதத்துக்கு இழுத்துப் பார்ப்பேன்.
அவ்வளவு கிட்டத்தில் படகே கிடையாது,
சதுரம் சதுரமாய் நிறம்தான்.
அதிலும் ஏதோ ஒரு சதுரம் பிசகியிருக்கும்.
இரண்டு விரலால் தட்டினால்
கோடு வந்த வழியே திரும்பிப் போகும்.
வரைந்து அல்ல,
அழித்து அழித்தே மணிக்கட்டு வலித்துப்
படுத்த இரவுகள்.

கோப்பின் பெயர் கடைசி.
அடுத்தது கடைசியோ கடைசி.
அதற்கடுத்தது இதுதான்.
அப்புறம் பெயர் தோன்றாமல்
வெறும் தேதி.

பக்கத்து போர்ஷன் ஜெனோவா
துணி காயப்போடும்போதெல்லாம் கேட்பாள்:
"படகு எப்போ கடலுக்குப் போவுது?"
ரோப் சரியா வரலை என்பேன்.
"கட்டிப்போட்டதே நீதானே" என்று
கிளிப்பை வாயில் கவ்விக்கொள்வாள்.

செவ்வாய்க்கிழமை
கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டார்கள்.
முன்னால் தண்ணி லாரி, ஒழுகியபடி.
இடது பக்கம் ஷேர் ஆட்டோ,
அதில் அன்னக்கூடையை மடியில் வைத்து
மீன்கார அம்மா ஒருத்தி.
பிளெக்ஸ் கடையிலிருந்து
மூன்றாவது முறை போன் வந்தது:
கட்சி பேனர், காதுகுத்து பேனர்,
எங்கே இருக்கே?
கேட்டில் அண்ணே.
வைத்துவிட்டேன்.

போன் கையிலேயே இருந்தது.
பென் வீட்டில், சார்ஜில்.
விரல்தான் மிச்சம்.

விரல் முரட்டுப் பிரஷ்.
லாரிச் சக்கரம் முட்டையாய் வந்தது.
அழிக்கலாம் என்று தூக்கிய நேரத்தில்
கூட்ஸ் வந்துவிட்டது.
டேங்கர், டேங்கர், டேங்கர்,
மூடியில்லாத பெட்டி ஒன்று,
மறுபடி டேங்கர்.
இதை அழித்துக்கொண்டிருந்தால்
அது போய்விடும்.
சரி, முட்டை முட்டையாகவே உருளட்டும்.

பின்னால் ஒரு பைக் இடித்தது.
கோடு திரையின் ஓரம்வரை ஓடியது.
"சாரிக்கா."
பரவாயில்லை,
அதை மின்கம்பி ஆக்கினேன்.
கம்பி இருந்தால் காக்கா வேண்டுமே.
காக்கா கொஞ்சம் எலி மாதிரி.
ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்தேன்,
கண்ணாடியெல்லாம் ஆவி.

"இன்னா, நானா அது?"
ஆட்டோவிலிருந்து கழுத்து நீண்டது.
ஆமாம் என்றேன்.
"எனக்கு ஆறு வெரல் போட்டுகீறே."
எண்ணினேன். ஆறேதான்.
இரண்டு விரலும் தாமாகத் தட்டப் போயின.
"வுடு வுடு, ஆறு இருந்தா
வஞ்சிரம் சீக்கிரம் அரிஞ்சிடுவேன்.
மூக்குத்தி மட்டும் வெச்சிடு,
சோக்கா கீது."

வைத்தேன்.
ஒரே ஒரு மஞ்சள் புள்ளி.
அவ்வளவு கூட்டத்திலும்
அது மட்டும் மின்னியது போலத் தோன்றியது,
பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

கேட் ஏறியது.
இரண்டு பக்கத்து ஹாரனும் ஒன்றாய்க் கத்த,
கடைசிப் பெட்டியை வரையவே இல்லை.
படத்தில் அந்த ரயில்
இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

ராத்திரி படகைத் திறந்தேன்.
முழுதாய், தூரத்தில் வைத்துப் பார்த்தேன்.
கயிறு நன்றாகத்தான் இருந்தது,
ஆறு மாதமாகவே இருந்திருக்கும்.
நூற்றுப் பதினெட்டாவது லேயரில்
விரலாலேயே
அந்த எலிக் காக்காவைக்
கொடிக்கம்பத்தில் உட்கார வைத்து
ஜெனோவாவுக்கு அனுப்பினேன்.
பதிலுக்கு அலை படம் ஒன்று போட்டாள்.

பொய் சொல்லக் கூடாது.
மறுநாள் காலை
ஒரு முடிச்சைத் திருத்தினேன். பழக்கம்.
இரண்டாவது முடிச்சுக்குப் போகுமுன்
பசித்துவிட்டது.

இப்போதெல்லாம் கேட் போட்டால்
முதலில் வண்டியை அணைப்பது நான்தான்.
பதினாறு படம் இருக்கிறது,
ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை.
நேற்று மட்டும்
போகும்போதும் வரும்போதும்
கேட் திறந்தே கிடந்தது.
கொஞ்சம் ஏமாற்றமாய்,
மெதுவாகவே தாண்டினேன்.