பூதம் கொன்ற வீரன்

ஞாயிறு மதியம், வண்ணார்பேட்டை,
டியூஷன் சென்டர் மாடியில் அரையிறுதி.
கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட
இருபடிச் சமன்பாடு.
ஆடுவது நாலு பேர், பார்ப்பது பன்னிரண்டு.
நடுவருக்குச் சம்பளம்
ஒரு பொட்டலம் முறுக்கு, ஒரு கோலி சோடா.

இரண்டாம் மேசையில் கை உயர்ந்தது.
டூவீலர் கடை கிரீஸ் பட்டுவிடாமல்
கொம்பையா இரண்டு விரலில் பிடித்திருந்தான்
பிளாஸ்டிக் உறை போட்ட அந்த அட்டையை.
‘பூதம் கொன்ற வீரன்
உன் கைக்குத் திரும்புவான்.’
அவ்வளவுதான் எழுத்து.

“என் வீரனைப் பூதம் கொன்னுட்டு.
அப்போ திரும்பணும்லா?”

எதிரே நூர்ஜமீலா,
மேலப்பாளையம், பி.காம். இரண்டாம் வருஷம்,
தலையைக்கூட நிமிர்த்தவில்லை.
“பூதத்தைக் கொன்னவன்தான் திரும்புவான்.
செத்தவன் எங்கன வருவான்?”

“செத்தவன் வரத்தானே மாயம் வேணும்?
உசிரோட இருக்கவன்
பஸ் பிடிச்சு வந்துருவாம்லா!”

எல்லாரும் சிரித்தார்கள்.
நான் சிரிக்கக் கூடாது.

படத்தைப் பார்த்தேன்.
வாளை ஊன்றி நிற்கிறான் வீரன், கண் மூடி.
களைப்பா,
உயிர் போன பிறகும் விழாத உடம்பா,
வரைந்தவனுக்கே வெளிச்சம்.
பின்னால் பூதத்தின் வால் மட்டும்.

விதித்தாளின் கடைசி வரி:
ஐயம் வந்தால் அட்டையின் சொல்லே முடிவு.
நல்லா இருக்கு.

கம்பெனிக்குப் போன் போட்டேன்.
எடுத்தவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
“‘பூதத்தை’ன்னுதான் முதல்ல இருந்தது மேடம்,
வரி மடங்கிச்சு, ‘ஐ’யைத் தூக்கிட்டோம்.”
ஒரு வாய் மென்று முடித்து,
“இல்ல, ‘கொல்லப்பட்ட’ன்னு இருந்துச்சோ?”

வாரத்தில் ஆறு நாள் எனக்கு
பாளையங்கோட்டை பதிவாபீஸ் எதிரே
பத்திரம் தட்டும் வேலை.
‘மேற்படி கிணற்றில் பாதித் தண்ணீர்’ என்று
எவரோ எழுதிவைத்த ஒரு வரிக்காக
முன்னீர்பள்ளத்து அண்ணனும் தம்பியும்
பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார்கள்.
பாதி ஆழமா, பாதி நாளா?
தீர்ப்பு வரும்போது
கிணற்றில் தவளைகூட இல்லை.

சொல் தானாக ஒரு பக்கம் சாயாது.
யாராவது சாய்க்க வேண்டும்.
சாய்த்தவர் அங்கேயே நிற்கவும் வேண்டும்.

“பூதத்தைக் கொன்றவன்” என்றேன்.
“இன்றைக்கு, இந்த மாடியில்,
இரண்டு மேசைக்கும்.”

“சரிக்கா” என்றான் கொம்பையா.
அந்தச் சரியில் இருந்தது
பாதி ஆழமா, பாதி நாளா.

நாலாவது சுற்றில் கரண்ட் போனது.
மேசையை ஜன்னலுக்கு இழுத்தார்கள்.
காற்றுக்கு அட்டை பறக்காமல்
ஆளுக்கொரு செல்போன் பாரம்.
அந்த வெளிச்சத்தில்
ஜமீலாவின் ஒரே வீரனை
அடித்துப் போட்டது கொம்பையாவின் பூதம்.

அவள் கையில் அதே அட்டை.
ஒரு நொடி, மற்றவற்றைவிட
அரை விரல் உயரமாக வந்தது.
நான் பார்த்தேன். கொம்பையாவும் பார்த்தான்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

அட்டையை நடுவில் செருகிவிட்டு
“முடிஞ்சுது” என்று எழுந்தாள்,
சோடாவில் மீதியைக் குடித்தாள்.

முடிவுத்தாளில் எழுதினேன்:
தோற்றவர், வாதம் வென்ற ஜமீலா.
எழுதியதை ஒருமுறை வாசித்தேன்.
இன்னொருமுறை வாசித்தேன்.
அடிக்கவில்லை.

படியிறங்கும்போது
கொம்பையாவிடம் பேனாவை நீட்டினேன்:
விட்டுப்போனதை எழுதிடு,
அடுத்த வாரம் சண்டை வராது.

அட்டையைச் சட்டைப்பையில் போட்டு
மேலே கையை வைத்துக்கொண்டான்.
“வேண்டாங்க்கா. எழுதிட்டா
ஒரு வீரன்தான் இருப்பான்.”

முருகன்குறிச்சி தாண்டிய பிறகுதான்
எனக்கு நினைவு வந்தது,
முறுக்கை மேசையிலேயே
விட்டுவிட்டு வந்திருந்தேன்.