எண்ணிப் பார்த்தல்

கனவில் எழுத்து நிலைக்காது.
வாஷி என்று இருந்த சீட்டு
கண்ணை எடுத்து மறுபடி வைத்தால்
வாளி என்றோ வாசல் என்றோ
பேர் மாற்றிக்கொண்டிருக்கும்.
அப்படித்தான் தெரிந்துகொள்வேன்.
ஓ, இது என் ராத்திரி.
இங்கே நான் வைத்ததுதான் சட்டம்.

பிறகென்ன,
கறுப்புக் கோட்டைக் கழற்றிக்
கம்பியில் மாட்டிவிட்டு
குர்லா மேம்பாலத்திலிருந்து
ஓர் எட்டு வைப்பேன், காற்றில்.
சயான் பக்கமாக, மின்கம்பிகளுக்கு மேலே,
செருப்புக்கூட நழுவாமல்.

விடிந்தால் அதே குர்லா, அதே கோட்டு.
பழக்கம் மட்டும் ராத்திரியோடு நிற்கவில்லை.
ஒவ்வொரு சீட்டையும் இரண்டு தடவை பார்க்கிறேன்.
பாஸ் காலாவதியானவர்கள்
என்னைக் கண்டதும்
அடுத்த படிக்கட்டுக்கு ஒதுங்குகிறார்கள்.
போன மாத அபராத வசூலில் நான்தான் முதல்.
பாராட்டிக் கொடுத்த சான்றிதழையும்
இரண்டு தடவை படித்தேன்.
என் பெயரில் இருந்த எழுத்துப்பிழை
இரண்டு தடவையும் அப்படியே இருந்தது.

பால் பொங்கும்போது
அடங்கு என்று மனசுக்குள் சொல்லிவிட்டு
அடுப்பை அணைக்காமல் நின்றிருக்கிறேன்.
கத்துகிற ஒருவரைப் பார்த்து
இவரைப் பூசணிக்காயாக்கலாமா என்று யோசித்துச்
சிரித்துவைத்ததில் ஒரு புகார்க் கடிதம்.

இதையெல்லாம் விடுங்கள்.
ஜெபக்கனியைப் பற்றிச் சொல்லவேண்டும்.
அக்கா.
அண்டாப் ஹில் வீட்டை விற்ற பிறகு
பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை.
கனவில் வரவழைக்கிறேன்.
கதவைத் தட்டு என்றால் தட்டுவாள்.
மன்னிப்புக் கேள் என்றால் கேட்பாள்.
அழு என்றால்
எந்தக் கண்ணில் முதலில் என்பாள்.
எத்தனை ராத்திரி!
முழுக்க மன்னித்து முடித்துவிட்டேன்.
முலுண்டில் இருக்கிற அவளுக்கு
இது எதுவும் தெரியாது.
ஒன்றுதான் நெருடும்.
அவள் பேசுவதெல்லாம் என் குரலில்.

ஒரு செவ்வாய்க்கிழமை. மழை.
பன்வேல் வண்டி இருபது நிமிஷம் தாமதம்.
மேம்பாலத்தில் ஓர் ஆள் சீட்டை நீட்டினான்.
நீட்டிய கையில்
கட்டைவிரலை ஒட்டி இன்னொரு குட்டி விரல்.
எண்ணினேன். ஆறு.
மறுபடி எண்ணினேன். ஆறு.

அடடா என்று உடம்பு லேசாகிவிட்டது.
கோட்டின் முதல் பித்தானை அவிழ்த்தேன்.
கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றிக்
குதிகால் எழும்ப,
கீழே வடாபாவ் கடைக்காரன்
பச்சை மிளகாயை எண்ணெயில் போட்டான்.
நெடி ஏறித் தும்மினேன்.

என் கனவுகளுக்கு மூக்கு கிடையாது.

“மேடம், திக்கீட்” என்றான் அந்த ஆள்,
இன்னும் நீட்டியபடியே.
மான்குர்த் முதல் குர்லா வரை.
திருப்பிக் கொடுக்கையில் அந்தக் குட்டி விரல்
என் உள்ளங்கையில் பட்டது.
சூடாக இருந்தது.
பித்தானைத் திரும்பப் போடக் கை வரவில்லை.
பின்னால் வந்தவர்கள்
எதையும் காட்டாமல் கடந்து போனார்கள்.
விட்டேன்.

டூட்டி முடிந்து, நனைந்த கோட்டோடு
ஏழாம் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து
எண்ணை அழுத்தினேன். மாற்றியிருப்பாள் என்றே நினைத்தேன்.
பதினோரு வருஷ ஒத்திகை
நாக்கு நுனியில் வரிசையாக நின்றது.

“யாரு?”

குரல் கட்டையாகியிருந்தது.
பேசும் முன்னால் மூச்சு வாங்கினாள்.
எப்போதிலிருந்து?

“நான்தான்” என்றேன்.
மழைச் சத்தம், அவள் பக்கமும்.

“இரு, குக்கரை இறக்கிட்டு வரேன்.”

இருக்கிறேன்.
போனில் ஒரு குழந்தை
இந்தியில் எதற்கோ அடம்பிடிக்கிறது.
பேரனா, பக்கத்து வீட்டுப் பிள்ளையா, தெரியாது.
வாஷி வண்டி வந்து நின்று கிளம்பிவிட்டது.
அடுத்ததும் தூரத்தில் தெரிகிறது.

இன்னொரு கையைக்
கோட்டுப் பைக்குள் வைத்திருக்கிறேன்.